பாய் ஏறிய மலை

எங்கள் பாய் தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க மாட்டார். பஸ் போர்டு வரைக்கும் எழுத்துக் கூட்டுவார். அதற்கு மேல் எல்லாம் உருதுதான். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

பாய் என்று நான் சொல்வது ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் முதலாளியை. நான் அங்கே சாம்பிள் ரூம் மேஸ்திரி. வெளிநாட்டிலிருந்து படம் வந்தால் அதைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து கொடுப்பது என் வேலை. வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாத வேலை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய எனக்கு அது கிடைத்தது பெரிய விஷயம். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். விருந்துக்குப் போய் விக்கலோடு திரும்பி வந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலை மேல் போய் நின்றதற்குக் காரணம் பாயின் சம்பந்தி.

சம்பந்தி மேல்விஷாரத்துக்காரர். தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கிறார். பாயின் ஒரே மகளை அவர் வீட்டில்தான் கொடுத்திருக்கிறது. ஒல்லியான மனிதர், விடியற்காலையில் எழுந்து வேகமாக நடக்கிறவர். ஒரு வருடம் நண்பர்களோடு போய் அந்த மலையில் ஏறி, உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். அதை ஹாலில் சோபாவுக்கு நேர் எதிரே மாட்டினார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு யார் போனாலும் டீ வருவதற்கு முன்னால் மலை வந்துவிடும்.

பாய் அதையும் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் விருந்தில், மாடியில் தொழுதுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்த பாயைப் பார்த்து சம்பந்தி, "நம்ம சம்பந்திக்கு மாடிப்படியே மலைதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

மறுநாள் பாய் என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"என் பொண்ணு தெனம் அந்தப் படத்துக்கு எதிர்ல உக்காந்துதான் சாப்பிட்றா மேஸ்திரி. அவ மாமனாரு மலை ஏறினவரு. அப்பன் இன்னா ஏறினான்? லிஃப்ட்டு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நானும் ஏறப்போறேன். நீ கூட வர்ற."

கூடப் போக வேண்டியது பாயின் மகன். அவன் முதலில் சரி என்றான், அப்புறம் இத்தாலியில் ஷூ கண்காட்சி என்று சொல்லிப் பறந்துவிட்டான். அவனை விட்டால் கம்பெனியில் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். முன்பு ஒரு மெஷின் பழகிக்கொண்டு வரச் சொல்லி சைனாவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"உயரம்னா எனக்கு ஒத்துக்காது பாய்."

"நீயே தென்ன மரம் மாதிரி இருக்குற. உனக்கு ஒத்துக்காம?"

பாய் குள்ளம், நல்ல பருமன், குழந்தைக்கு இருப்பதுபோல் சின்னப் பாதம். பயிற்சி தொடங்கினார். சாயந்திரம் கம்பெனி மொட்டை மாடியில் இரண்டு சுற்று நடப்பார், டிரைவர் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போவார். குளிருக்குப் பழக வேண்டும் என்று, வாங்கி வந்த ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏசியைக் குறைத்து வைத்துக் கணக்குப் பார்ப்பார். வெளியே வேலூர் வெயில் ஆளைப் பொசுக்கிக்கொண்டிருக்கும். முப்பது வருடமாக ஷூ செய்து விற்கிற மனிதர், தனக்கு மட்டும் சென்னையில் போய் வெளிநாட்டு ஷூ வாங்கி வந்தார். எனக்குப் பத்தாம் நம்பர் கால். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் கலர் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய மஞ்சள் தோலில் எனக்கு நானே ஒரு ஜோடி செய்துகொண்டேன்.

மலையடியில் எங்களுக்காக ஒரு படையே காத்திருந்தது. கைடு ஒருவர், அவருக்கு உதவியாக இன்னொருவர், ஒரு சமையல்காரர், மூட்டை தூக்குகிறவர்கள். கைடுக்கு என் வயதுதான் இருக்கும். பாயைப் போல அவரும் முஸ்லிம். சலாம் சொன்னதும் பாய்க்கு உயிர் வந்துவிட்டது. அந்த ஊர் பாஷையிலும் சாய் என்றால் சாய், சப்பாத்தி என்றால் சப்பாத்தி, துனியா என்றால் துனியா என்று தெரிந்ததும், "நம்ம ஆளுங்கதான் மேஸ்திரி, கொஞ்சம் தூரமா குடி வந்துட்டாங்க" என்றார். அதன் பிறகு மலை முழுக்க உருதுதான். கைடு இங்கிலீஷில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் புரிந்ததா என்று கேட்க எனக்குக் கூச்சம்.

முதலில் காடு. மழை ஊறிய மரங்கள், வால் வெள்ளையான குரங்குகள். அதைத் தாண்டிப் புதர்கள், அதையும் தாண்டிக் கல். கைடு முன்னால் போவார். மெதுவாகப் போங்கள் என்பதை "போலே போலே" என்று அவர் பாஷையில் சொல்லிக்கொண்டே இருப்பார். பாயிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் கிளம்பிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கைத்தடியோடு எங்களைத் தாண்டிப் போனாள். "அது ரிட்டயர் ஆன ஆளு, அவசரம் இருக்கும்" என்றார் பாய்.

மத்தியானம் டீயோடு பாப்கார்ன் கொடுப்பார்கள். பாய் அதைப் பார்த்துவிட்டு, "சினிமா எப்பப்பா?" என்றார்.

ஒவ்வொரு நாள் காலையிலும் கைடு எங்கள் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். தலை வலிக்கிறதா, சாப்பாடு இறங்கியதா, தூக்கம் வந்ததா, வெளிக்குப் போனீர்களா. கடைசிக் கேள்வியை மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்பார். என் மனைவிகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது ஃபேக்டரி இங்கிலீஷ். "ஓகே, பாஸ், நோ ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வேன். பாய் அப்படி இல்லை. அளவு, நிறம், பிடித்த நேரம் எல்லாவற்றையும் உருதுவில் விவரமாகச் சொல்வார். புரியாத இடத்தில் கையால் காட்டுவார்.

பிறகு விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். மேலே போகப் போக பாயின் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. கேலியும் குறைந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உச்சிக்குக் கீழே இருக்கும் கடைசி முகாமுக்கு மத்தியானத்தில் போய்ச் சேர்ந்தோம். வெறும் கல்லும் காற்றும். பாய் கூடாரத்துக்குள் நுழைந்தார், உட்கார்ந்தார், ஷூவைக் கழற்றினார், கழற்றிய ஷூவுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை. ஷூக்காரருக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. எடுத்து முடித்து, அந்த ஷூவைப் பார்த்து ஒரு முறை அழுதார்.

அப்புறம் அழுகை நிற்கவில்லை. ஃபோனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். டவர் இல்லை. இருந்தாலும் பேசினார். "நான் போய்ட்டா அழாத. என் ஸ்கூட்டர மட்டும் உங்கண்ணனுக்குக் குடுத்துடாத. அவன் ஆயில் மாத்த மாட்டான்." கைடைக் கூப்பிட்டு, ஹெலிகாப்டர் கூடாரத்து வாசல் வரைக்கும் வருமா, கொஞ்சம் நடக்க வேண்டியிருக்குமா என்று கேட்டார். தொழும்போதும் சாகும்போதும் முகம் வைக்கும் மெக்காவின் திசை, அதாவது கிப்லா, எந்தப் பக்கம் என்று கேட்டார். கைடு வடக்கே கையைக் காட்டினார். பாய் அந்தப் பக்கம் முகம் வைத்துப் படுக்கத் திரும்பினார். சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கேட்டார், மறுபடியும் திரும்பினார். கூடாரம் சின்னது. அவர் திரும்பும் போதெல்லாம் நானும் மூட்டையும் சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது.

கைடு விரல் கிளிப்பைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இதற்கு மேல் ஒரு அடி கிடையாது, இப்போதே உதவிக் கைடோடு கீழ் முகாமுக்கு இறங்க வேண்டும் என்றார். கெஞ்சல், அதட்டல் எதற்கும் அவர் மசியவில்லை. பெரிய கம்பெனிக்காரரை ஒருவர் அப்படி அமைதியாக மறுத்து நான் பார்த்ததில்லை.

வெளியே பாயின் ஷூவைச் சமையல்காரர் கழுவிக்கொண்டிருந்தார். பாய் என் கையைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது.

"நீ போய்ட்டு வா மேஸ்திரி. என் ஜாக்கெட்டப் போட்டுக்கினு போ."

"என்னுதே இருக்குது பாய். நல்லாத்தான் இருக்குது."

"குளிருக்கு இல்லய்யா."

எனக்கு விளங்க நேரமானது. மேலே நிற்கிற எவனுக்கும் முகம் தெரியாது. குல்லா, கழுத்திலிருந்து மூக்கு வரை துணி, கறுப்புக் கண்ணாடி. ஆரஞ்சு ஜாக்கெட்டைத்தான் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார், படம் எடுக்கத் தன் ஃபோனையும் கொடுத்தார். என் ஜாக்கெட்டை உள்ளே போட்டு அதன் மேல் அவருடையதைப் போட வைத்தார். அவருடைய வயிறு எனக்கு வந்துவிட்டது. ஷூவைப் பற்றி இரண்டு பேருக்கும் ஞாபகமே வரவில்லை.

"முட்டிய கொஞ்சம் மடக்கி நில்லு" என்றார். "ஜாஸ்தி மடக்காத. வெளிக்குப் போற மாதிரி தெரியும்."

பிறகு குரல் இறங்கியது. "ஊருக்குப் பொய்னு தெரிஞ்சாக்கூட பரவால்ல. என் பொண்ணு மறுபடி என்னப் பாத்துச் சிரிக்கக் கூடாது. அவ்ளோதான்."

பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றி, அந்த ஷூவையே மாட்டிக்கொண்டு, உதவிக் கைடின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

உச்சிக்கு ஏறுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் கிளம்புகிறார்கள். முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர எதுவும் தெரியாது. எனக்கு அது பழக்கமான காட்சி. சரளை மண்ணில் ஒரு அடி வைத்தால் பாதி அடி வழுக்கும். பாட்டிலில் தண்ணீர் உறைந்துபோனது. விடிந்தபோது மேலே இருந்தேன். ஒரு பக்கம் பனிக்கட்டி சுவர் சுவராக நின்றது, டேனரி வாசலில் உப்புப் போட்டு அடுக்கி வைத்த, பதனிடாத பச்சைத் தோல் மாதிரி. கால் கீழே மேகம். எனக்கு அதிசயமாக இருந்தது வேறு ஒன்று. அங்கே எந்த வாசனையும் இல்லை. பிறந்ததிலிருந்து தோலும் கெமிக்கலும் கலந்த காற்றையே இழுத்த மூக்கு, திருடன் காலி வீட்டில் தேடுகிற மாதிரி தேடிவிட்டு ஓய்ந்தது.

உச்சியில் இருக்கும் மரப்பலகைக்கு முன்னால் முட்டியை மடக்கி நின்றேன். கைடு முகத்துணியை இறக்கச் சொன்னார். நான் ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டி, "திஸ் மை பாஸ்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பாயின் ஃபோனில் எடுத்தார். அப்புறம் என் ஃபோனைக் கேட்டார், உனக்கு ஒன்று, முகத்தோடு என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எந்தப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவன் நான். முதல் தடவையாக ஒரு படத்தில் நிம்மதியாக நின்றது அன்றுதான்.

கீழ் முகாமில் பாய் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். இறங்கியதும் உடம்பு சரியாகிவிட்டது. படத்தைப் பார்த்தார், விரலால் பெரிதாக்கினார், என் வயிற்றைத் தடவிக்கொடுக்கிற மாதிரி திரையைத் தடவினார். இறங்கும் வழியெல்லாம், மேலே இன்னா இருந்தது, காற்று எந்தப் பக்கம், கல் எந்தக் கலர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மலையடிக்கு வந்தபோது அவரே என்னிடம், "அந்தக் கடைசி ஏத்தம் இருக்குதே, காலு இஸ்துக்கும் மேஸ்திரி" என்றார். ஆமாம் பாய் என்றேன்.

படம் சொந்தக்காரர்கள் எல்லாரின் ஃபோனுக்கும் போனது. வாழ்த்து குவிந்தது. பேத்திக்குப் பெயர் வைக்கும் விருந்து மேல்விஷாரத்தில், சம்பந்தி வீட்டில் வந்தது. பாய் என்னையும் கூட்டிப்போனார். யாராவது கேட்டால் கூட இருந்தவன் என்று காட்டுவதற்கு.

ஹாலில் புதிதாக ஒரு பெரிய டி.வி. மாட்டியிருந்தார்கள். பிரியாணி பாதியில் இருக்கும்போது சம்பந்தி எழுந்து தன் ஃபோனில் எதையோ அமுக்கினார். டி.வி. முழுக்க நான் நின்றேன்.

"நம்ம சம்பந்தி. பாத்துக்கோங்க" என்றார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார். எல்லாரும் மாஷா அல்லா என்றார்கள். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுத் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது நான் மடக்கிய முட்டிக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. பாய் தட்டைப் பார்த்தபடி அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அந்த அடக்கத்தை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வேறு ஊராக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஹாலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தோல்காரர்கள், ஷூக்காரர்கள். எங்கள் பக்கத்தில் முகத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை. பெண் பார்க்கப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

சம்பந்தி டி.வி.க்குக் கிட்டே போனார். "இன்னா சம்பந்தி, உங்க சைஸ் ஆறுதான?"

"ஆறுதான். ஏன்?"

"இது பத்து மாதிரி இருக்குதே."

"ஒம்பது" என்றார் மூலையில் ஒருவர். "ஷூ மூக்கு நீளமா வெட்டியிருக்காங்க, அதனால பத்தாத் தெரியுது" என்றார் இன்னொருவர். ஒருத்தர் தட்டோடு எழுந்து கிட்டே வந்து பார்த்துவிட்டு, "பத்துதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பாய் சோற்றை விழுங்கினார். "குளிர்ல காலு வீங்கும்."

"குளிர்ல எங்கயாச்சும் தோலு வீங்குமா? சுருங்கத்தான செய்யும்."

"அது மாட்டுத் தோலு. இது மனுசத் தோலு."

சிலர் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. அவர் பார்வை கீழே இறங்கி, சம்மணம் போட்டிருந்த என் பாதத்தில் வந்து நின்றது. நான் அதை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"மேஸ்திரி, நீ கூட இருந்தவன். நீ சொல்லு. யாரு ஷூ இது?"

ஹாலில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் தன் அப்பாவைப் பார்த்தாள். பாயின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"என்னுதுதான்" என்றேன். "பாய் ஷூவுல வாந்தி எடுத்துட்டேன்."

"யாரு?"

"நான்தான். வேற ஒண்ணும் கைக்கு எட்டல. பாய் இன்னா பண்ணுவாரு? என் ஷூவுல நாலு சாக்ஸ் போட்டுக்கினு, முன்னாடி துணிய அடைச்சிக்கினு ஏறினாரு."

ஹாலே சிரித்தது. ஒருத்தர் புரையேறி இருமினார். என்னால் நாலு பேர் சிரித்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த மனம் வரவில்லை.

"அப்புறம் நீ இன்னா பண்ண?"

"அழுதேன். வூட்டுக்கு ஃபோன் போட்டேன். டவர் இல்ல. இருந்தாலும் பேசினேன். நான் போய்ட்டா என் ஸ்கூட்டர உங்கண்ணனுக்குக் குடுத்துடாத, ஆயில் மாத்த மாட்டான்னேன்."

உள் அறையிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பியது. பாயின் சம்சாரம். அவருக்கு அந்த ஸ்கூட்டரும் தெரியும், அந்த அண்ணனையும் தெரியும். மகள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாய் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"கைட வுடல நானு. கிப்லா எந்தப் பக்கம், கிப்லா எந்தப் பக்கம்னு கேட்டுக்கினே, டென்ட்டுக்குள்ள திரும்பித் திரும்பி..."

சிரிப்பு நின்றது. காலையில் வைத்த குங்குமம் என் நெற்றியில் அப்படியே இருந்தது.

"நீ எதுக்கு மேஸ்திரி கிப்லாவக் கேட்ட?" என்றார் சம்பந்தி.

அவ்வளவு நேரம் எங்கிருந்தோ வந்த பேச்சு, வந்த வழியே போய்விட்டது. சம்பந்தி என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பாய் நிமிரவில்லை. பிறகு திரைப் பக்கம், சிரிப்பு பாதியில் நின்றிருந்த மருமகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தார்.

"கேக்கத்தான் செய்வான்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆம்பூர்க்காரன். நம்மளோடவே இருந்து பழகினவன். அந்த நேரத்துல வேற இன்னா வாயில வரும்?"

கரண்டியை எடுத்து நல்ல கறித்துண்டு ஒன்றைத் தேடி பாயின் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க சம்பந்தி. ஆறிப்போவுது." டி.வி.யில் படத்தைத் தள்ளினார். அடுத்தது பேத்தி, பொக்கை வாயோடு.

சம்சாரம் மகள் வீட்டில் தங்கிவிட்டார். திரும்பும்போது பாயே வண்டியை ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலூர் தாண்டும் வரைக்கும் அவர் எந்த வண்டியையும் முந்தவில்லை. என் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது வாயைத் திறந்தார்.

"அழுததெல்லாம் சொல்லணுமா?"

"ஷூவுக்கு வாந்தி தேவைப்பட்டுது பாய்."

"வாந்தி சரி. அழுகை எதுக்கு?"

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பாய் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"என் பொண்ணு சிரிச்சாளே, உன்னப் பாத்துதான சிரிச்சா?"

"என்னப் பாத்துதான் பாய்."

கியரைப் போட்டார். கேட்டைத் தாண்டி வண்டி வேகம் எடுத்த பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நாளைக்கு லீவு எடுத்துக்கோ மேஸ்திரி. அவ்ளோ வாந்தி எடுத்திருக்குற."